டிஸ்க்கா, டவுன்லோடா? கேம் கன்சோலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் என எதை முதன்முதலாக வாங்கினாலும் பலர் விலையைப் பார்த்துத்தான் மாடலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் மலிவு, அதனால் அதுவே போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். ஆனால் பழைய கேமை விற்க முடியுமா, நண்பரிடம் இரவல் வாங்க முடியுமா, எந்தக் கடையில் விலை பேசலாம் என்பதெல்லாம் அந்த ஒரே முடிவில் அடங்கியிருக்கிறது. டிஸ்க் பெட்டி வாங்குகிறவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. பெட்டிக்குள் முழு கேமும் இருக்கும் என்று இன்று நம்ப முடியாது. சிலவற்றில் முழுதும் இருக்கும், சிலவற்றில் பாதி இருக்கும், சிலவற்றில் டவுன்லோடைத் தொடங்கிவைக்கும் சிறு சாவி மட்டும்தான் இருக்கும். இதை வாங்குமுன்பே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் மூன்று எண்கள்

டிஸ்க் எவ்வளவு கொள்ளும், டிரைவ் எவ்வளவு வேகத்தில் படிக்கும், கன்சோலுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது. இந்த மூன்றும் தெரிந்தால் மற்றவை தானாகப் புரியும்.

பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) டிஸ்க் இரண்டடுக்கு புளூ-ரே, 50 ஜிபி வரை கொள்ளும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் படிக்கும் அல்ட்ரா எச்டி புளூ-ரே 100 ஜிபி வரை கொள்ளும். அதற்கு மேல் போனால் இரண்டாவது டிஸ்க் போட வேண்டும், அல்லது மீதியை இணையத்தில் விட வேண்டும். 2018இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பிஎஸ்4இல் இரண்டு டிஸ்க்கில் வந்தது. 2024இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீபர்த் பிஎஸ்5இலேயே இரண்டு டிஸ்க். பால்டர்ஸ் கேட் 3 டீலக்ஸ் பதிப்பு எக்ஸ்பாக்ஸில் பல டிஸ்க்குகளில் வந்தது. இப்படிச் செலவு செய்து முழு கேமையும் அச்சிட்டுத் தரும் நிறுவனங்களை மனதாரப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு கூடுதல் டிஸ்க்கும் அவர்கள் லாபத்திலிருந்து போகிறது.

டிஸ்க் பற்றாக்குறை புதிதல்ல. எக்ஸ்பாக்ஸ் 360 டிவிடியில் ஓடியது. ஆரம்பத்தில் கேமுக்குக் கிடைத்த இடம் 6.8 ஜிபிதான். அதனால் லாஸ்ட் ஒடிசி நான்கு டிஸ்க்கில் வந்தது. அதே காலத்தில் பிஎஸ்3 புளூ-ரே வைத்திருந்ததால் ஃபைனல் ஃபேண்டஸி 13 அதில் ஒரே டிஸ்க், 360இல் மூன்று.

டவுன்லோடுக்கும் வன்பொருள் வரம்பு இருந்தது. 360இல் இணையம் வழியே விற்ற சிறிய ஆர்கேட் கேம்கள் தொடக்கத்தில் 50 எம்பிக்குள் இருந்தாக வேண்டும், ஏனென்றால் 64 எம்பி மெமரி யூனிட்டில் அடங்க வேண்டும். நின்டெண்டோவின் வீ கன்சோலில் வீவேர் எனப்படும் டவுன்லோட் கேமுக்கு வரம்பு 40 எம்பி. சூப்பர் மீட் பாய் அந்த அளவுக்குள் அடங்காமல் அந்தக் கன்சோலில் வெளிவரவே இல்லை.

டிரைவின் வேகம் இரண்டாவது எண். புளூ-ரேயின் ஒரு மடங்கு வேகம் நொடிக்கு 4.5 எம்பி. பிஎஸ்5 டிரைவ் 100 ஜிபி டிஸ்க்கைச் சுமார் பத்து மடங்கில் படிக்கும். அதாவது டிஸ்க்கின் வெளிவிளிம்பில் நொடிக்கு 45 எம்பி, உள்பக்கம் போகப் போகக் குறையும். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி (கேம்களைச் சேமிக்கும் வேகமான சேமிப்பகம்) நொடிக்கு 5,500 எம்பி படிக்கிறது. சுமார் 120 மடங்கு வித்தியாசம். பிஎஸ்5 கேம்கள் அந்த எஸ்எஸ்டி வேகத்தை நம்பி எழுதப்பட்டவை. அதனால்தான் டிஸ்க்கிலிருந்து நேரடியாக எதுவும் ஓடாது. எல்லாம் எஸ்எஸ்டிக்குப் பிரதியாகி அங்கிருந்துதான் ஓடும். டிஸ்க் வாங்கினால் உள்ளே இடம் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஒரு ஜிபிகூட மிச்சமாகாது. ஓடும்போது டிஸ்க் உள்ளே இருக்க வேண்டியது உரிமையைச் சரிபார்க்க மட்டும்.

மூன்றாவது எண் உள்ளிடம். பெட்டியில் எழுதியிருப்பது ஒன்று, கையில் கிடைப்பது வேறு. 2020இன் பிஎஸ்5இல் 825 ஜிபி என்று போட்டிருக்கும், கேமுக்குக் கிடைப்பது 667 ஜிபி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 1 டிபியில் 802 ஜிபி. சீரிஸ் எஸ் 512 ஜிபியில் 364 ஜிபிதான். 100 ஜிபி கேம் மூன்று போட்டால் சீரிஸ் எஸ் நிரம்பிவிடும். முதல் ஸ்விட்சின் 32 ஜிபியில் கிடைப்பது சுமார் 26 ஜிபி. ஓஎல்இடி மாடல் 64 ஜிபி, ஸ்விட்ச் 2 256 ஜிபி.

எந்த மாடலில் டிரைவ் உண்டு?

2020இன் பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனில் டிரைவை எக்காலத்திலும் சேர்க்க முடியாது. 2023இல் வந்த மெலிந்த டிஜிட்டல் மாடலிலும் பிஎஸ்5 ப்ரோவிலும் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். மாட்டிய பிறகு முதல் முறை இணையத்தில் இணைத்துப் பதிவு செய்தால்தான் அது வேலை செய்யும். ப்ரோவில் டிரைவ் கூடவே வருவதில்லை, அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சீரிஸ் எஸ்ஸில் டிரைவ் கிடையாது. சீரிஸ் எக்ஸிலும் 2024 முதல் டிரைவ் இல்லாத வெள்ளை மாடல் ஒன்று விற்கிறது. படத்தைப் பார்த்து ஏமாறாமல் பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பிஎஸ்4 டிஸ்க்குகள் இருந்தால் டிரைவ் உள்ளதையே வாங்குங்கள். பல பிஎஸ்4 கேம்களுக்கு இலவச பிஎஸ்5 பதிப்பு உண்டு. ஆனால் டிஸ்க்கில் வாங்கியவர் அந்த டிஸ்க்கைப் போட்டால்தான் அதைப் பெறவும் ஆடவும் முடியும். டிரைவ் இல்லாத கன்சோலில் அந்த டிஸ்க்குகள் பயனற்றுப் போகும். பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்3 டிஸ்க்குகள் எந்த பிஎஸ்5இலும் ஓடாது. எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கைச் சீரிஸ் எக்ஸில் போட்டால், ஆதரவுப் பட்டியலில் உள்ள கேமாக இருக்கும் பட்சத்தில், கன்சோல் முழு கேமையும் இணையத்திலிருந்து இறக்கும். டிஸ்க் சாவி மட்டும்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

பெட்டியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். இணைய இணைப்பு தேவை, டவுன்லோட் தேவை என்ற வரி இருந்தால் கேமில் ஏதோ ஒரு பகுதி டிஸ்க்கில் இல்லை. எவ்வளவு இல்லை என்பதைப் பெட்டி சொல்லாது. 2022இன் கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2இன் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி. 2025இன் டூம் தி டார்க் ஏஜஸ் டிஸ்க்கிலும் 100 எம்பிக்குக் குறைவுதான். 100 ஜிபி கொள்ளும் டிஸ்க்கை வைத்துக்கொண்டு இப்படிச் செய்வதை எந்த வன்பொருள் வரம்பாலும் நியாயப்படுத்த முடியாது. வாங்குகிறவர் முழு விலை தருகிறார், அவருக்கு முழு கேமும் கிடைக்க வேண்டும்.

வெளியாகிச் சில நாள் பொறுத்தால் டஸ் இட் ப்ளே என்ற தன்னார்வக் குழுவினர் இணையத்தைத் துண்டித்துச் சோதித்த முடிவுகளை வெளியிடுவார்கள். முதல் நாளே வாங்கும் அவசரம் இல்லையென்றால் அதைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. கையில் இருக்கும் டிஸ்க்கை நீங்களே பிஎஸ்5இல் சோதிக்கவும் செய்யலாம்:

1. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் இணைய இணைப்பை அணையுங்கள். இதை முதலில் செய்யாவிட்டால் டிஸ்க் போட்டதுமே அப்டேட் இறங்கத் தொடங்கிவிடும்.
2. டிஸ்க்கைப் போட்டு இன்ஸ்டால் முடியும்வரை காத்திருங்கள். நிரம்பிய 100 ஜிபி டிஸ்க் என்றால் ஒரு மணி நேரம் போல ஆகும். இரண்டே நிமிடத்தில் முடிந்தால் உள்ளே பெரிதாக எதுவும் இல்லை என்று அர்த்தம்.
3. கேமின் மேல் வைத்து ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, தகவல் பகுதியில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். டிஸ்க்கில் உள்ள பதிப்பு அது.
4. கேமைத் திறந்து முதல் அத்தியாயத்தைத் தாண்டி ஆடுங்கள். சில கேம்கள் தொடக்கத்தை மட்டும் டிஸ்க்கில் வைத்துவிட்டு மீதிக்கு இணையம் கேட்கும்.

இரண்டு டிஸ்க் கேம்களில் புதியவர்கள் அடிக்கடி தடுமாறுவது வரிசையில். ஒன்றின் மேல் டேட்டா என்றும் மற்றொன்றின் மேல் ப்ளே என்றும் எழுதியிருக்கும். டேட்டா டிஸ்க்கை முதலில் போட்டு இன்ஸ்டால் செய்ய வேண்டும். கன்சோல் கேட்கும்போது ப்ளே டிஸ்க்கை மாற்ற வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு முறை ஆடும்போதும் ப்ளே டிஸ்க் மட்டும் போதும். கேமை அழித்துவிட்டு மறுபடி போடும்போது டேட்டா டிஸ்க் மீண்டும் தேவைப்படும், தொலைத்துவிடாதீர்கள்.

நின்டெண்டோவின் கதை தனி

ஸ்விட்சில் கேம் கார்டு. அதில் கேம், கார்டிலிருந்தே நேரடியாக ஓடும், இன்ஸ்டால் கிடையாது. ஆக இங்கே கார்டு வாங்கினால் உள்ளிடம் உண்மையாகவே மிச்சம். ஆனால் கார்டின் கொள்ளளவு கூடக்கூட அதன் விலையும் கூடும். அதனால் முதல் ஸ்விட்ச் காலத்தில் 32 ஜிபி கார்டுக்குக் காசு கொடுக்காமல் சிறிய கார்டில் பாதியைப் போட்டு மீதியை இறக்கச் சொன்ன கேம்கள் நிறைய. டூம் ஸ்விட்சில் வந்தபோது தனியாள் ஆட்டம் கார்டில் இருந்தது. பலர் சேர்ந்து ஆடும் பகுதியைத் தனியாக இறக்க வேண்டியிருந்தது.

2025 ஜூன் 5இல் வந்த ஸ்விட்ச் 2இல் கேம்-கீ கார்டு என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. பார்வைக்கு வழக்கமான கார்டு போலவே இருக்கும், ஆனால் கேம் தரவு எதுவும் அதில் இல்லை. செருகியதும் முழு கேமும் இணையத்திலிருந்து இறங்கும், உள்ளிடத்தை அடைக்கும், பிறகு ஆடும்போதெல்லாம் கார்டும் செருகியிருக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கம் கீழே சாவிச் சின்னத்தோடு ஒரு பட்டை அச்சிட்டிருக்கும், கடையில் அதைத்தான் தேட வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 கேம்-கீ கார்டில் வந்தது. சைபர்பங்க் 2077 முழுவதும் 64 ஜிபி கார்டில் வந்தது. ஆக முழு கேமையும் கார்டில் தருவது முடியாத காரியம் அல்ல. கேம்-கீ கார்டை மற்றவருக்கு விற்கலாம், இரவல் தரலாம். பெட்டிக்குள் வெறும் டவுன்லோட் குறியீடு அச்சிட்ட தாள் இருந்தால் அதுவும் முடியாது. ஒரு முறை பயன்படுத்தியதோடு சரி.

டவுன்லோட் செய்வதென்றால்

இணைய வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கேம் அளவை மெகாபைட்டில் சொல்வார்கள். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் நொடிக்கு 12.5 எம்பி, 100 ஜிபி கேமுக்கு 2 மணி 13 நிமிடம், அதுவும் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால். 40 எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை மணி நேரம். 300 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 37.5 எம்பி, பிஎஸ்5 டிரைவின் உச்ச வேகத்தை நெருங்கிவிடும். அந்த அளவு வேகமான ஃபைபர் இணைப்பு வீட்டில் இருந்தால் டிஸ்க்கில் நேர லாபம் இல்லை. தினம் 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டில் வைத்து இறக்கலாம் என்று நினைத்தால் 100 ஜிபிக்கு 50 நாள். அவர்களுக்கு முழு கேமும் உள்ள டிஸ்க் ஒன்றே வழி.

வைஃபையை விட லேன் கேபிள் நம்பகமானது. கன்சோல் ரெஸ்ட் மோடில் (முழுதாக அணையாத ஓய்வு நிலையில்) இருக்கும்போதும் இறங்க வேண்டுமானால் சிஸ்டம், பவர் சேவிங் பகுதிகளுக்குள் போய், ரெஸ்ட் மோடில் இணையத்தோடு இணைந்திருக்கும் தேர்வை இயக்கி வையுங்கள். கேம் ஒன்றை ஆடிக்கொண்டே இன்னொன்றை இறக்கினால் வேகம் குறையலாம்.

இடக் கணக்கில் பிஎஸ்4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் அப்டேட் வரும்போது கன்சோல் கேமையே புதிதாகப் பிரதியெடுத்துச் சேர்க்கும். அதனால் 60 ஜிபி கேமுக்கு 2 ஜிபி அப்டேட் வந்தாலும் 60 ஜிபிக்கு மேல் காலியிடம் கேட்கும். இடம் போதவில்லை என்ற செய்தி வந்தால் கோளாறு என்று நினைக்க வேண்டாம், ஆடாத ஒரு கேமை அழித்தால் அப்டேட் ஏறும்.

டவுன்லோட் கேம் உங்கள் கணக்கோடு கட்டுண்டது. வீட்டிலுள்ள மற்றவர்கள் தங்கள் கணக்கில் ஆடவும், இணையம் இல்லாதபோது ஓடவும், பிஎஸ்5இல் கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே என்ற தேர்வை இயக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் அதன் பெயர் மை ஹோம் எக்ஸ்பாக்ஸ். ஒரு நேரத்தில் ஒரு கன்சோலுக்குத்தான் இது. பழைய கன்சோலை விற்குமுன் அதில் இதை அணைத்துவிடுங்கள். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கிய கேமை 14 நாளுக்குள் திருப்பித் தரலாம், ஆனால் டவுன்லோட் தொடங்கியிருந்தால் பொதுவாகக் கிடைக்காது. தானாக இறங்கும் தேர்வை அணைத்துவிட்டு வாங்குவது பாதுகாப்பு.

வெளிநாட்டிலிருந்து டிஸ்க் வாங்கிவரச் சொல்கிறவர்கள் கவனிக்க: சிங்கப்பூரிலோ துபாயிலோ வாங்கிய பிஎஸ்5 டிஸ்க் இங்கே ஓடும். ஆனால் பிறகு வாங்கும் கூடுதல் உள்ளடக்கம் (டிஎல்சி) டிஸ்க்கின் வட்டாரத்தோடு பொருந்த வேண்டும். இந்தியக் கணக்கில் வாங்கிய டிஎல்சி வேறு வட்டார டிஸ்க்கில் சேராமல் போகும். டிஎல்சி வாங்கும் எண்ணம் இருந்தால் உங்கள் கணக்கு எந்த வட்டாரமோ அதே வட்டார டிஸ்க்கை வாங்குங்கள்.

இடத்தைக் கூட்டுவது

பிஎஸ்5க்கு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்குவதற்குமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பிஎஸ்5 கேமை அதில் வைத்திருக்கலாம், அதிலிருந்து ஆட முடியாது. ஆடும்போது உள்ளே நகர்த்த வேண்டும். பிஎஸ்4 கேம்கள் அதிலிருந்தே ஓடும். 250 ஜிபி முதல் 8 டிபி வரை, நேரடியாகக் கன்சோலில் செருக வேண்டும், ஹப் வழியாக வேலை செய்யாது.

ஆடவும் வேண்டுமென்றால் கன்சோலுக்குள் செருகும் எம்.2 வகை எஸ்எஸ்டி. கடையில் கேட்க வேண்டியது: பிசிஐஇ ஜென்4 என்விஎம்இ, படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது மேல், ஹீட்சிங்க்கோடு (சூட்டைத் தணிக்கும் உலோகப் பகுதி). சாட்டா எம்.2வும் ஜென்3யும் வேண்டாம். பார்க்க ஒன்றுபோல இருப்பதால் கடைக்காரரே மாற்றித் தந்துவிடுவதுண்டு, லேபிளைப் படியுங்கள். ஹீட்சிங்க் சேர்த்து மொத்த உயரம் 11.25 மிமீ, அகலம் 25 மிமீ தாண்டக் கூடாது. கணினிக்கென்று விற்கும் பெரிய ஹீட்சிங்க்குகள் உள்ளே அடங்காது.

1. கன்சோலை ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்து, எல்லாக் கேபிளையும் கழற்றி, சூடு ஆறவிடுங்கள்.
2. பக்க மூடியைக் கழற்றுங்கள். மாடலுக்கு மாடல் விதம் வேறு. வேகமாக இழுத்தால் கொக்கி உடையும்.
3. முதல் எண் அளவு நட்சத்திர ஸ்க்ரூடிரைவரால் எம்.2 அறையின் உலோக மூடியைத் திறங்கள்.
4. உள்ளே இருக்கும் திருகையும் அதன் கீழ் உள்ள சிறு வளையத்தையும் எடுத்து, உங்கள் எஸ்எஸ்டி நீளத்துக்கான குழிக்கு மாற்றுங்கள். பெரும்பாலானவை 2280 அளவு, அதாவது 80 மிமீ நீளம். இந்த வளையத்தை மாற்ற மறப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை; மறந்தால் எஸ்எஸ்டி வளைந்து நிற்கும்.
5. எஸ்எஸ்டியைச் சாய்வாகப் பிடித்து இடைவெளி தெரியாதபடி முழுதும் செருகி, பிறகு கீழே படுக்க வைத்துத் திருகை முடுக்குங்கள். அதிகம் இறுக்க வேண்டாம்.
6. உலோக மூடியை மறுபடி போட்டுக் கன்சோலை இயக்குங்கள். ஃபார்மேட் கேட்கும். முடிந்ததும் படிக்கும் வேகத்தைக் காட்டும்.

ஃபார்மேட் திரையே வராவிட்டால் பெரும்பாலும் எஸ்எஸ்டி முழுதாகச் செருகப்படவில்லை. அணைத்துக் கழற்றி மறுபடி செருகிப் பாருங்கள்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸில் பின்னால் செருகும் விரிவாக்க அட்டை. திறக்கவே வேண்டாம், விலை அதிகம். ஸ்விட்ச் 2இல் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு மட்டுமே கேமுக்குச் செல்லும். பழைய ஸ்விட்சில் பயன்படுத்திய சாதாரண மைக்ரோஎஸ்டியில் கேம் வைக்க முடியாது. சாதாரண கார்டின் உச்சம் நொடிக்கு சுமார் 100 எம்பி, எக்ஸ்பிரஸ் கார்டின் பாதை 985 எம்பி வரை போகும். புதிய கேம்கள் அந்த வேகத்தை எதிர்பார்க்கின்றன.

நாளை என்ன ஆகும்?

வீ யூ, 3டிஎஸ் கன்சோல்களின் இணையக் கடையில் 2023 மார்ச்சோடு விற்பனை நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29இல் மூடியது. வாங்கியதை இன்னும் இறக்கலாம் என்கிறார்கள், புதிதாக வாங்க முடியாது. கலிபோர்னியாவில் 2025 முதல், டிஜிட்டல் பொருளை விற்கும் கடை அது உரிமம் மட்டுமே என்று வாங்குகிறவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் எனச் சட்டமே வந்திருக்கிறது. டிஸ்க் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை குறைவு, ஆனால் முழுதும் நீங்கவில்லை. தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31இல் நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்களும் அன்றோடு ஆட முடியாமல் போனது. ஆகவே சர்வர் இல்லாமல் ஓடாத கேமுக்கு டிஸ்க் என்று கூடுதல் விலை தராதீர்கள். தனியாக ஆடும் கதை கேமுக்கு, முழுதும் டிஸ்க்கில் இருப்பது உறுதியானால், டிஸ்க்கே வாங்குங்கள்.

பழைய டிஸ்க் வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். பெட்டியில் உள்ள போனஸ் குறியீடு ஏற்கெனவே பயன்பட்டிருக்கும் என்று வைத்தே விலை பேசுங்கள். துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது.

டிஸ்க்கானாலும் டவுன்லோடானாலும் நீங்கள் ஆடிச் சேர்த்த சேவ் (எதுவரை ஆடினீர்கள் என்ற பதிவு) கன்சோலுக்குள்தான் இருக்கும், டிஸ்க்கிலோ எம்.2விலோ இருக்காது. பிஎஸ்4 சேவ் ஃபைலை யூஎஸ்பியில் பிரதி எடுக்கலாம். பிஎஸ்5 கேமின் சேவ் ஃபைலை அப்படி எடுக்க முடியாது. சோனியின் கட்டணச் சந்தாவான பிஎஸ் பிளஸ் இருந்தால் கிளவுடில் ஏற்றலாம். கன்சோலை ரிப்பேருக்குக் கொடுக்குமுன் அல்லது விற்குமுன் இதை முதலில் செய்யுங்கள்.